மைவியா, கூபேயா? முதல் கார் வாங்கும் முன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

வேலை நிரந்தரமான கடிதம் கைக்கு வந்த வாரமே நம் வீட்டுப் பிள்ளைகள் கார் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பேருந்து எப்போது வரும் என்று தெரியாத ஊர்களில், தோட்டத்து முச்சந்தியிலிருந்து தொழிற்பேட்டைக்கு விடியற்காலை 6 மணிக்குப் போய்ச் சேர வேறு வழி கிடையாது. வீட்டில் சண்டை தொடங்குவது அதற்குப் பிறகுதான். “ஒரு மைவி எடு, இல்லாவிட்டால் பெசா எடு” என்பார் அப்பா. பிள்ளையின் கைப்பேசியிலோ இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, தரையை ஒட்டி நிற்கும் டொயோட்டா 86 படம் இருக்கும். “பழைய வண்டிதான்பா, விலை இறங்கிடுச்சு” என்பார் பிள்ளை.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் காரின் விலையை மட்டுமே பேசுகிறார்கள். வாங்கும் விலை ஒரு நாள் கதை. அடுத்த ஏழு ஆண்டுகளுக்கு அந்தக் கார் ஒவ்வொரு மாதமும் என்ன கேட்கும் என்பதுதான் உட்கார்ந்து பேச வேண்டிய கதை.

முதலில் பிள்ளை பக்கம் நின்று பார்ப்போம். விளையாட்டுக் கார் ஆசை நமக்குப் புதிதல்ல. புரோட்டோன் நிறுவனமே 1996-இல் புத்ரா என்ற இரண்டு கதவுக் கூபேயை விற்றது. 1998-இல் வந்த சத்ரியா ஜிடிஐ, 1.8 லிட்டர் இயந்திரத்தோடு அன்றைய இளைஞர்களின் கனவு வண்டியாக இருந்தது. சத்ரியா நியோ 2006-இல் வந்து 2015 வரை ஓடியது. இன்றைக்கு “மைவி போதும்” என்று சொல்லும் அப்பாக்களில் சிலர், அன்று சத்ரியாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தவர்கள்தாம்.

டொயோட்டா 86 வெறும் தோற்றத்துக்காக விரும்பப்படும் கார் அல்ல. அதன் 1,998 சிசி இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டாகப் படுத்திருக்கும். இதனால் இயந்திரத்தின் எடை தரைக்கு நெருக்கமாக இருக்கிறது. பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளுகின்றன. முன் சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டும்தான். வண்டியின் எடையும் ஏறக்குறைய 1,250 கிலோதான். வளைவில் திருப்பினால், சொன்ன பேச்சு கேட்கும் கன்றுக்குட்டி மாதிரி அந்த இடத்திலேயே திரும்பும். 200 குதிரைசக்தி என்பது இன்றைய டர்போ கார்களோடு ஒப்பிட்டால் பெரிய எண் அல்ல. நேர்ச்சாலையில் அதைத் தாண்டிப் போகும் கார்கள் நிறைய. ஆனால் ஓட்டும் சுகம் என்று ஒன்று இருக்கிறது, அது அந்தக் காரில் உண்மையாகவே இருக்கிறது. ஓட்டிப் பார்த்தவர்கள் ஏன் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஓட்டாதவர்களுக்குப் புரியாது.

ஒரு வேடிக்கை. அந்த 86 என்ற எண், 1983 முதல் 1987 வரை விற்பனையான ஏஇ86 என்ற பழைய கொரோலாவிலிருந்து வந்தது. அந்தக் கொரோலாவை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ‘இனிஷியல் டி’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதை. அந்தக் கதையில் அது பந்தயக் கார் அல்ல. அப்பாவின் கடையிலிருந்து விடியற்காலையில் தோஃபு கொண்டுபோய்ப் போடும் வேலை வண்டி! நம் பிள்ளைகள் நேசிக்கும் அந்தக் கார், கதைப்படி பார்த்தால், குடும்பத்துக்குச் சோறு போட்ட கார்.

இனி கணக்குக்கு வருவோம்.

மாதம் எவ்வளவு?

ஒரு தம்பியை நினைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் தொழில்நுட்பர். மிகைநேர வேலையோடு சேர்த்து மாதம் 3,500 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடும், சொக்சோ முதலியவையும் போனால் கையில் வருவது ஏறக்குறைய 3,090 வெள்ளி. வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வர ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர். மாதம் 26 நாள் என்றால் 1,560 கிலோமீட்டர்.

ஒரு பக்கம் 50,000 வெள்ளிக்கு ஒரு புது மைவி என்று வையுங்கள். 10 விழுக்காடு முன்பணம் கட்டினால் 45,000 வெள்ளி கடன். ஆண்டுக்கு 3 விழுக்காடு, ஏழு ஆண்டு, நாம் நெடுங்காலமாகப் பழகிய நிலையான வட்டிக் கணக்குப்படி வட்டி மட்டும் 9,450. மாதத் தவணை 648 வெள்ளி. ஒன்பது ஆண்டாக நீட்டினால் தவணை 529-ஆக இறங்கும். ஆனால் வட்டி 12,150-ஆக ஏறும்.

இன்னொரு பக்கம் ஒரு லட்சம் வெள்ளிக்குப் பழைய 86 என்று வையுங்கள். 10,000 முன்பணம், 90,000 கடன். பழைய காருக்கு வங்கிகள் பொதுவாக வட்டியைக் கூட்டி, ஆண்டைக் குறைத்துத்தான் கொடுக்கும். 4 விழுக்காடு, ஏழு ஆண்டு என்று போட்டால் வட்டி 25,200. மாதத் தவணை 1,371 வெள்ளி. இதிலும் ஒரு கண்ணி உண்டு. கடைக்காரர் சொல்லும் விலைக்கு வங்கி கடன் கொடுக்காது; தன் மதிப்பீட்டுக்குத்தான் கொடுக்கும். கடைக்காரர் ஒரு லட்சம் சொல்லி, வங்கி 85,000 என்று மதிப்பிட்டால், இடையில் உள்ள 15,000-உம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். இதை விற்பனையாளர் முதல் நாளில் சொல்லமாட்டார்.

வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி, ஆளுக்கு ஆள் மாறும். நான் போட்டிருப்பது மாதிரிக் கணக்கு. கையெழுத்துப் போடும் முன் வங்கியில் இரண்டே கேள்வி கேளுங்கள்: வட்டியை எந்த முறையில் கணக்கிடுகிறீர்கள்? கடைசித் தவணை வரை நான் கட்டப்போகும் மொத்தத் தொகை எவ்வளவு? இரண்டாவது எண்ணைக் காகிதத்தில் எழுதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சாப்பாட்டு மேசையில் அது வேலை செய்யும்.

அடுத்து பெட்ரோல். இங்கேதான் 2025 செப்டம்பர் இறுதிக்குப் பிறகு ஆட்டமே மாறியிருக்கிறது. புடி95 திட்டத்தில் மைகார்டு வைத்திருக்கும் குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் அந்தச் சலுகை ரோன்95-க்கு மட்டும். 86-இன் இயந்திரம் 12.5-க்கு 1 என்ற உயர்ந்த அழுத்த விகிதத்தில் ஓடுவது. அதற்கு உயர்ரகப் பெட்ரோல் வேண்டும். நம் ஊரில் அது ரோன்97. அதன் விலை சந்தையைப் பொறுத்து ஏறி இறங்கும், உதவித்தொகை கிடையாது. மைவி 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் மாதம் 94 லிட்டர், 186 வெள்ளி. 86, நம் சாலை நெரிசலில் 9 லிட்டர் என்று வைத்தால் 140 லிட்டர், லிட்டர் 3.20 என்றாலே 449 வெள்ளி. “ரோன்95 போட்டாலும் ஓடுதே” என்று சொல்பவர்கள் இருப்பார்கள். ஓடும். இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தீப்பொறி நேரத்தைத் தள்ளி, சக்தியைக் குறைத்துக்கொண்டு ஓடும். அதாவது ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய சுகத்தில் ஒரு பகுதியைப் பெட்ரோல் நிலையத்திலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

சாலை வரியில் பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை, ஆனால் வித்தியாசம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரிலுள்ள 1,000 சிசி காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி. 1.3 லிட்டர் மைவிக்கு 70, 1.5 லிட்டருக்கு 90. 86-க்கு 379. புதிய ஜிஆர்86-இன் 2.4 லிட்டர் இயந்திரத்துக்கு 767. புதிதாக வாங்கினால் அந்தக் காரின் விலையே மூன்று லட்சம் வெள்ளியை ஒட்டி நிற்பதால், 767-ஐப் பற்றி அதை வாங்குபவர் கவலைப்படமாட்டார்.

காப்புறுதிதான் பலரும் மறந்துபோகும் இடம். பழைய கட்டண முறையில், தீபகற்பத்தில் காரின் மதிப்பு ஒவ்வொரு 1,000 வெள்ளி கூடும்போதும் பிரீமியம் 26 வெள்ளி கூடும். 2017 ஜூலைக்குப் பிறகு நிறுவனங்கள் தாங்களே விலை வைக்கலாம் என்று ஆகிவிட்டாலும், காரின் மதிப்பு இரட்டிப்பானால் பிரீமியமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்ற போக்கு மாறவில்லை. முதல் கார் வாங்குபவருக்கு என்சிடி கழிவு பூஜ்யம். விபத்துக் கோரிக்கை இல்லாமல் முதல் ஆண்டு முடிந்தால்தான் 25 விழுக்காடு. பிறகு 30, 38.33, 45 என்று ஏறி 55-இல் நிற்கும். ஆக, கழிவே இல்லாத முதல் ஆண்டில் 50,000 வெள்ளி மைவிக்கு 1,600 வெள்ளியை ஒட்டியும், ஒரு லட்சம் வெள்ளி 86-க்கு 2,900 வெள்ளியை ஒட்டியும் வரலாம். கார் பத்து வயதைத் தாண்டியிருந்தால் கூடுதல் சுமை போடும் நிறுவனங்களும் உண்டு. பி உரிமம் வைத்திருக்கும்போது வண்டியை இடித்துவிட்டால், கோரிக்கையில் முதல் 400 வெள்ளி பொதுவாக உங்கள் பொறுப்பு. அதையும் நினைவில் வையுங்கள்.

டயர், சர்வீஸ். மைவி 1.5-க்கு 15 அங்குலச் சக்கரம். எந்தச் சிறுபட்டணத்து டயர் கடையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். 86-க்கு 17 அங்குலம், 215/45 அளவு. விலை ஏறக்குறைய இரட்டிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தாமான் முனையில் இருக்கும் நம்ம போர்மென் மைவியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். படுத்திருக்கும் சிலிண்டர் இயந்திரத்தில் ஸ்பார்க் பிளக் மாற்றுவதென்றால் பக்கவாட்டில் கையை நுழைத்துத் தடவ வேண்டும். கூலி கூடும், தெரிந்த ஆளும் குறைவு. மைவிக்கு மாதம் 120, 86-க்கு 300 என்று ஒதுக்கினால்தான் நிம்மதி.

கூட்டிப் பாருங்கள். மைவிக்கு மாதம் ஏறக்குறைய 1,095 வெள்ளி. 86-க்கு 2,393. கையில் வருவது 3,090.

மைவி அந்தத் தம்பியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. அதுவே கொஞ்சம் அதிகம்தான். பெசா, அக்ஸியா என்றால் இன்னும் இறங்கும். 86 நான்கில் மூன்று பங்கைத் தின்றுவிடுகிறது. மீதி 700 வெள்ளியில் டோல், சாப்பாடு, கைப்பேசிக் கட்டணம், அம்மாவுக்குக் கொடுப்பது, தங்கச்சியின் கல்லூரிச் செலவு. இதுவும் மிகைநேர வேலை இருக்கும் மாதத்தின் கணக்கு. ஆர்டர் குறைந்து ஓடி நிற்கும் மாதம் எல்லாத் தொழிற்சாலைக்கும் வரும். தோட்டத்தில் வேலை செய்த அப்பாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றால் சம்பளம் என்னவாகும் என்று பார்த்து வளர்ந்தவர் அவர்.

யார் ஜாமீன் போடுகிறார்கள்?

இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு கடனா என்று வங்கி தயங்கும். அப்போது வரும் வார்த்தைதான் ஜாமீன். “ஒரு கையெழுத்துதாம்பா” என்று பிள்ளை கேட்கும், அப்பா போட்டுவிடுவார். அது வெறும் சாட்சிக் கையெழுத்து அல்ல. பிள்ளை கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற உறுதிமொழி. ஓய்வு வயதை நெருங்கும் ஒருவர், தன் சேமநிதிப் பணத்தைப் பிள்ளையின் காருக்கு ஈடாக வைப்பதற்குச் சமம்.

வாடகைக் கொள்முதல் சட்டம் 1967-இலிருந்து இருக்கிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வங்கி நோட்டீஸ் அனுப்பலாம். 21 நாள் அவகாசத்துக்குப் பிறகு காரை இழுத்துப் போகலாம். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்திருந்தால் மட்டும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். கார் போனதோடு கடனும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். இல்லை. ஏலத்தில் கிடைத்த பணம் மிச்சக் கடனுக்குப் போதாவிட்டால், பற்றாக்குறையை நீங்கள்தான் கட்ட வேண்டும். நீங்கள் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர். கார் இல்லை, கடன் இருக்கிறது, வேலைக்குப் போக வண்டி இல்லை. கூடவே, சிக்ரிஸ் பதிவில் கறை விழுந்து, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஏற்கெனவே இந்த நிலையில் இருப்பவர்கள் வட்டிக்காரரிடம் போவதற்கு முன் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போகட்டும். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய அந்த அமைப்பு கடன் ஆலோசனையை இலவசமாகவே தருகிறது.

சேமநிதியில் 2024 மே மாதம் வந்த நெகிழ்வுக் கணக்கிலிருந்து முன்பணம் எடுக்கலாமா என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. எடுக்கச் சட்டம் தடுக்கவில்லை. என் கருத்தில், வேலைக்குப் போக வேறு வழியே இல்லாமல் ஒரு சின்னக் கார் வாங்கினால் யோசிக்கலாம். கூபேக்கு வேண்டாம்.

காரில் யார் யார் ஏறுவார்கள்?

பணக் கணக்கு சரியாக வந்தாலும் ஆள் கணக்கு பாக்கி இருக்கிறது. நம் வீட்டுக் கார் என்பது ஒருவர் ஓட்டும் கார் மட்டுமல்ல. மாதம் ஒருமுறை பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். கல்யாண வீட்டுக்கு ஐந்து பேர் போக வேண்டும். 14 கிலோ எரிவாயு சிலிண்டரும் அரிசி மூட்டையும் ஏற வேண்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போகும்போது பால்குடம், மாற்றுத் துணி, சாப்பாட்டு அடுக்கு எல்லாம் சேரும்.

86-இல் நான்கு இருக்கை என்று தாளில் இருக்கும். பின்னால் உட்கார்ந்து பாருங்கள். முன் இருக்கையை மடக்கி, குனிந்து, உள்ளே நுழைந்து, முழங்காலை மடித்தால் தலை பின் கண்ணாடியைத் தொடும். மதிய வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கும். புடவை கட்டிய, முட்டி வலி உள்ள ஒரு அம்மாவை அங்கே ஏறச் சொல்ல முடியாது. முன் இருக்கையும் தரைக்கு அருகில். உட்காருவது எளிது, எழுந்திருக்க ஒரு கை பிடிக்க வேண்டும். கதவு நீளம் என்பதால், பேரங்காடி வாகன நிறுத்துமிடத்தில் இரண்டு காருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் முழுதாகத் திறக்காது. பின் இருக்கையைச் சாய்த்தால் நான்கு டயர்களை உள்ளே போடலாம் என்று அந்தக் காரை வடிவமைத்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். பந்தயத் திடலுக்குப் போகிறவருக்கு அது நல்ல வசதிதான். மைவியில் ஐந்து பேர் உட்கார்ந்த பிறகும் பின்னால் 277 லிட்டர் இடம் மிஞ்சும்.

குழந்தை உள்ள வீடென்றால் 2020 ஜனவரி முதல் குழந்தை இருக்கை கட்டாயம். இரண்டு கதவுக் காரின் பின்னிருக்கையில் அதைப் பொருத்தி, தூங்கும் பிள்ளையை எடுத்து வைத்து, மழையில் பெல்ட்டும் போட்டுப் பார்த்தவர்கள், அடுத்த மாதமே காரை விற்க விளம்பரம் போடுவார்கள். வருமானத்துக்காக இ-ஹெய்லிங் ஓட்டும் யோசனை பின்னால் வந்தாலும், இரண்டு கதவு அதற்கு உதவாது.

தோட்டத்துக்குள் இன்னும் வீடு உள்ளவர்களுக்கு வேறொரு சங்கதி. செம்பனை லாரி ஓடிக் குழிவிழுந்த செம்மண் சாலை, மழைக்குப் பிறகு நடுவில் மேடு, இரு பக்கமும் பள்ளம். 86-இன் அடிவயிறு தரையிலிருந்து 130 மில்லிமீட்டர் உயரத்தை ஒட்டித்தான் இருக்கும். அதையும் ஸ்பிரிங் மாற்றி இறக்கிவிட்டுத்தான் பலர் விற்கிறார்கள். தாமான் மேடுகளில் சாய்வாக ஏறி, சாய்வாக இறங்கி, பின்னால் வருபவர் ஹாரன் அடிக்க, தினமும் போய் வருவது சீக்கிரம் சலித்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல யாருக்கும் பிடிக்காது. நம் நாட்டில் சாலை விபத்தில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மை மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பல வீடுகளில் உண்மையான நிலவரம் இதுதான்: பிள்ளை காரில் போகிறான், அப்பா இன்னும் பழைய கப்சாயில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு காவல் வேலைக்குப் போகிறார், அக்கா இன்னொரு மோட்டாரில். 2,393 வெள்ளியை ஒரே கூபேக்குக் கொட்டுவதற்குப் பதில், 1,095-இல் ஒரு மைவி எடுத்தால், மிச்சப் பணத்தில் பாதியைப் போட்டு அக்காவுக்கு ஒரு பழைய வீவாவோ அக்ஸியாவோ எடுத்துக்கொடுக்க முடியும். குடும்பத்தில் இரண்டு பேர் மழையில் மோட்டார் ஓட்டுவது நிற்கும். எந்தக் காரில் எத்தனை காற்றுப்பை, எத்தனை நட்சத்திரம் என்ற பேச்சை விட இது பெரிய பாதுகாப்பு. மைவிக்கு 2017-இல் ஆசியான் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது என்பதும் சேர்ந்தே இருக்கட்டும்.

அப்படியானால் கூபே யாருக்கு?

வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பக் கார் கடன் முடிந்து நிற்கிறது, ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது, ஜாமீன் இல்லாமல் வங்கி கடன் கொடுக்கிறது, வேலை இடம் பக்கத்தில். இப்படிப்பட்ட ஒருவர் 35 வயதில் ஒரு 86 வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிவிட்டு வந்தால், அதில் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை. உழைத்த பணம். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கே சேர்த்துவிட்டு, ஒரு ஆசையும் தீராமல் போன தலைமுறையை நாம் பார்த்திருக்கிறோம். அதுவும் பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை. விற்கும்போதும் 86 பெரிதாகக் கையைக் கடிக்காது. எண்ணிக்கை குறைவு, தேடுபவர்கள் உண்டு. ஆனால் சரியான ஆள் வரும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மைவி அப்படியல்ல, பெரோடுவா 2006-இலிருந்து நாட்டில் அதிகம் விற்கும் நிறுவனமாக இருப்பதால், பழைய மைவியைக் கேட்டு வாசலுக்கே ஆள் வரும்.

நடுவழியும் இருக்கிறது. ஓட்டும் சுகம்தான் வேண்டும் என்றால், கியர் மாற்றி ஓட்டும் ஒரு பழைய சத்ரியா நியோ 1.6 பாருங்கள். மூன்று கதவுதான், பின்னிருக்கை நெருக்கம்தான். ஆனால் சாலை வரி 90 வெள்ளி. கெம்ப்ரோ இயந்திரம் ஜென்-2, பெர்சோனா கார்களிலும் இருப்பது என்பதால் உபரிப் பாகம் கிடைக்கும், எந்தப் பட்டறையும் கை வைக்கும். வளைவில் அது நிற்கும் நிதானத்தைப் பழைய ஓட்டுநர்கள் இன்றும் மெச்சுவார்கள். இல்லையா, மைவி 1.5-ஐயே எடுத்து, புகைக்குழாயை மாற்றிச் சத்தம் கூட்டுவதற்குச் செலவழிக்கும் பணத்தில் நான்கு நல்ல டயரும், தேய்ந்தபோது நல்ல அப்சார்பரும் போடுங்கள். சத்தம் கூடினால் வண்டி வேகமாகப் போவதில்லை. சாலைப் போக்குவரத்துத் துறையின் கண்தான் வேகமாகத் திரும்பும்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற வேட்கை அடங்கவில்லை என்றால், தெரிந்தவரிடம் இருக்கும் கூபேயில், அவரும் பக்கத்தில் இருக்க, ஒருமுறை வேலை நேரத்திலேயே போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்ல. திங்கட்கிழமை காலை 7 மணிக்கு, நீங்கள் தினமும் போகும் அதே வழியில். கிளட்சை மிதித்து மிதித்து, லாரிக்குப் பின்னால் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் அந்த ஒரு மணி நேரம், விற்பனையாளர் காட்டாத பக்கத்தைக் காட்டிவிடும். வேகமாக ஓட்டிப் பார்க்க சிப்பாங் பந்தயத் திடல் இருக்கிறது. பொதுச்சாலை அதற்கான இடமில்லை.

எல்லாவற்றையும் யோசித்துப் பழைய 86-தான் என்று முடிவெடுத்தவர்களுக்குச் சில குறிப்புகள். 2012, 2013-இல் தயாரானவற்றின் வால்வு ஸ்பிரிங்கை மாற்ற 2018-இல் உலக அளவில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. நீங்கள் பார்க்கும் காருக்கு அது பொருந்துமா, வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து விற்பனை நிறுவனத்திடம் கேளுங்கள். பந்தயத் திடலில் ஓடிய வண்டியா என்பதைப் பின் டயர் தேய்ந்த விதமும் பிரேக் தட்டின் விளிம்பும் சொல்லும். கியர் இரண்டாவதற்குப் போகும்போது கரகரத்தால் விலையைக் குறைக்கப் பேசாதீர்கள். வேறு வண்டி பாருங்கள். உடற்பகுதியிலோ இயந்திரத்திலோ மாற்றம் செய்திருந்தால் அதைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் விபத்தின்போது கோரிக்கை நிராகரிக்கப்படலாம். உரிமை மாற்றத்துக்கான பி5, கடனுக்கான பி7 சோதனை அறிக்கைகளை நீங்களே கையில் வாங்கிப் படியுங்கள். “எல்லாம் பாஸ் அண்ணே” என்ற வாய்வார்த்தை போதாது.

கடைசியாக, சமூக ஊடகங்களில் “சம்போங் பாயார்” என்று வரும் விளம்பரங்கள். முன்பணம் 5,000, மிச்சத் தவணையை நீங்கள் கட்டிக்கொண்டு ஓட்டலாம், பெயர் மாற்றம் தேவையில்லை, சம்பளச் சீட்டு தேவையில்லை என்பார்கள். கூபே ஆசை பிடித்த, வங்கி கைவிட்ட இளைஞர்களைக் குறிவைத்தே இவை வருகின்றன. கடன் முடியும் வரை அந்தக் கார் வங்கியின் சொத்து. வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றுவது சட்டத்துக்கு விரோதம். நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் பணம் வங்கிக்குத்தான் போகிறதா என்று உங்களுக்குத் தெரியாது. காப்புறுதி வேறொருவர் பெயரில். மூன்று ஆண்டு கட்டிய பிறகு ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் கார் இருக்காது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனால், கிராண்டில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.